கடலுக்குப் போகாத வீட்டுக்கு உயிர்காப்பு அங்கி

1

சில வாரங்களாக என் போன் எனக்கு உயிர்காப்பு அங்கி விற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் நிறம், நெஞ்சில் கறுப்புப் பட்டி. சமையல் குறிப்பைத் திறந்தால் வெங்காயத்துக்கும் உப்புக்கும் நடுவில் ஒன்று கிடக்கும். நாளைக்கு மழையா என்று பார்க்கப் போனால் மழைக்கு முன்னால் அது வந்து நிற்கும்.

நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். உருளைக்கிழங்கு அவித்து, மீனுக்கு வெள்ளைக் குழம்பு ஊற்றி, உறைப்பே தெரியாத சாப்பாட்டை வண்டியில் ஏற்றி அனுப்புவது என் தொழில். மதிய இடைவேளையில் என்னோடு வேலை செய்கிற எல்சே என் போனை எட்டிப் பார்த்து, படகு வாங்கப் போகிறாயா என்று கேட்டாள். இந்த ஊரில் ஆளுக்கொரு படகு. அவளுக்கு அது, கார் வாங்கப் போகிறாயா என்று கேட்பதைப் போலத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நாரந்தனைக்காரி. தீவில் பிறந்தவள்தான், ஆனால் எங்கள் வீட்டில் கடலுக்குப் போன ஒருவரும் இல்லை. வெங்காயமும் புகையிலையும் வைத்த குடும்பம். கடல் என்றால் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போகும்போது கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி வீதியின் இரண்டு பக்கமும் தெரிகிற தண்ணீர், அவ்வளவுதான். எனக்கு நீந்தவும் தெரியாது.

அன்றைக்கு அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இந்த நாட்டில் என் போன் என்னிடம் என்ன கேட்டாலும் நான் சம்மதம் கொடுத்துவிடுவேன். வந்த காலத்தில் பிடித்த பழக்கம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் உத்தியோகத்தர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஏதோ வாசிப்பார். விளங்கியதா என்பார், "யா" என்பேன். சம்மதமா என்பார், "யா". ஓம் என்பதற்கு இங்கே அதுதான் சொல். இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். ஒருமுறை அப்படித்தான், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டதற்கும் "யா" சொல்லிவிட்டுப் பின்னேரம் வரை பட்டினி கிடந்தேன். இப்போது இந்த நாட்டுக் கடவுச்சீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது, ஆனால் பயம் போனபாடில்லை. ஒவ்வொரு இணையப் பக்கமும் வாசலில் மறித்து, உன் விவரங்களை எடுக்கலாமா என்று கேட்கிறது. வாசிக்காமலே பெரிய பொத்தானை அமத்திவிட்டு உள்ளே போகிறேன்.

2

மகள் அனுயா ஒஸ்லோவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறாள். ஊரில் யாரும் கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன், ஏனென்றால் எனக்கே அது என்ன வேலை என்று சரியாக விளங்கியதில்லை. விடுமுறைக்கு வந்தவளிடம் போனை நீட்டி, "இந்தச் சனியனை ஒருக்கா நிப்பாட்டி விடு" என்றேன்.

அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அம்மா, இது நீங்கள் தேடினதில்லை. கடல்லை போனால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வராமல் இருக்கக் குளிசை. தண்ணி போகாத பை. மழைக்கோட்டு. ஆரோ உங்கடை கணக்கிலை இருக்கினம்."

"களவோ?"

"இல்லை. உங்கடை பழைய போன் எங்கை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாக ஊருக்குப் போனபோது தங்கை வசந்திக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். நாங்கள் எல்லோரும் செய்வதுதான், சொக்கிலேற்றும் சவர்க்காரமும் வைத்த பெட்டியில் ஒரு பழைய போனும் போகும். வசந்திக்குப் புதுக் கணக்குத் திறக்கப் பார்த்தோம். சரிபார்க்கிற இலக்கம் வரும், அடிப்பதற்குள் காலாவதியாகும், சிக்னல் போகும். மறுநாள் எனக்குப் பயணம். கடைசியில் என் கணக்கிலேயே விட்டுவிட்டேன். "ஆற்றை கணக்கெண்டால் என்னக்கா, வீடியோ பாத்தால் சரிதானே" என்றாள் வசந்தி. அவளுக்கு எழுத்து அடிப்பது கரைச்சல். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதைப் போல அதோடு பேசுவாள்.

"சித்தி தேடினது உங்களுக்கு வருது" என்றாள் அனுயா. "எங்களுக்கு ஆள் ஆரெண்டு தேவையில்லை அம்மா. அந்தக் கணக்கு எதைத் தேடுது, எதிலை நிண்டு பாக்குது, அதைப் பாத்து அடுத்ததா என்ன வாங்கும் எண்டு கணிப்பம்."

"ஏன் வாங்குது எண்டும் தெரியுமோ?"

"அது எங்களுக்கு என்னத்துக்கு?"

பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்கள் தேடுறதும் சித்திக்குப் போகும். கண்டதையும் தேடாதேங்கோ. இப்பவே கழட்டி விடட்டோ?" என்றாள்.

"கிடக்கட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. எனக்கு அறியவேண்டி இருந்தது, அதுதான் காரணம். வசந்தியின் வீட்டில் யாருக்கு உயிர்காப்பு அங்கி?

3

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். வசந்தி, அவளுடைய ஒரே மகள் தர்சிகா. வசந்தியின் கணவர் காலமான பிறகு தர்சிகா பல்கலைக்கழகம் முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். அவளுக்கு நான் இங்கே ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தேன். பக்கத்து நகரம், பொறியியலாளர், தாய் தங்கமான மனுசி. தர்சிகாவை இங்கே கொண்டுவந்துவிட்டால் எனக்கும் ஒரு துணை என்ற சுயநலமும் அதற்குள் இருந்தது. அனுயா ஒஸ்லோவில் இருந்துகொண்டு எப்போதாவது வருகிறாள், வந்தாலும் பாதி நோர்வே மொழியில் பேசுகிறாள். தர்சிகா வந்தால் வீட்டில் தமிழில் சண்டை பிடிக்கவாவது ஒரு ஆள் இருக்கும்.

ஆனால் கொஞ்சநாளாக நான் வேலைக்குப் போக முன் எப்போது எடுத்தாலும் தர்சிகா வீட்டில் இல்லை.

"வெளியிலை போட்டாள் அக்கா."

"காலமையே?"

"ஓம், ஒரு அலுவல்."

அலுவல் என்றால் என்ன அலுவல் என்று கேட்டால் பேச்சை மாட்டுக்கும் மழைக்கும் திருப்பிவிடுவாள்.

சமையலறையில் கிழங்கு சீவிக்கொண்டே அதையும் இதையும் ஒட்டிப் பார்த்தேன். அங்கி. சத்திக்குக் குளிசை. தண்ணீர் போகாத பை. காலையில் புறப்பட்டுப் போகிற பெண், வாய் திறக்காத தாய். தர்சிகா, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் கையில் விழுந்துவிட்டாள், எங்கோ ஒரு கரையிலிருந்து படகு ஏறப் போகிறாள். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை.

நான் வெளிக்கிட்டதும் அப்படித்தானே. வசந்தி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கொழும்பில் ஒரு கலியாணவீடு என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். போய்ச் சேரும் வரை பயணத்தைச் சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. ஒரே பாயில் படுத்த தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பில் நான் நோர்வேயில் இருக்கிறேன் என்று அறிந்தாள். அதைப்பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கோபித்ததில்லை. எங்கள் வீடுகளில் அது வழமை.

நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். படியிறங்குகிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்பது எங்களுக்குள் அபசகுனம். கேட்ட வாய்க்கும் ஏச்சு விழும், போன காரியமும் கெடும். இத்தனை வருடம் பனியில் நடந்தும் அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. தவிரவும், கேட்டால் பொய்தான் வரும் என்று எனக்குத் தெரியும். நானே சொன்ன பொய் அது.

4

பஸ்ஸில் இருந்தபோது அனுயா சொன்னது நினைவுக்கு வந்தது. நீங்கள் தேடுறதும் சித்திக்குப் போகும்.

கைப்பையிலிருந்து போனை எடுத்து, தமிழிலேயே தேடினேன். படகு கவிழ்ந்து பலர் பலி. நடுக்கடலில் தத்தளித்தவர்கள். கரையொதுங்கிய உடல்கள். வீடியோக்களைத் திறந்து கடைசி வரை ஓடவிட்டேன். நின்று பார்த்தால்தான் கணக்கில் ஏறும் என்று அனுயா சொன்னாளே. பார்க்க முடியாத இடத்தில் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்ப்பேன். சத்தம் இல்லாமல் அது தன்பாட்டில் ஓடும்.

அடுத்த நாளும் செய்தேன், அதற்கடுத்த நாளும். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். பாதிரியார் செபமாலை உருட்டுவதைப் போல ஒழுங்காகச் செய்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. யாரோடும் முகம் முறிக்காமல், ஒரு சொல் பேசாமல், இங்கே இருந்தபடியே தங்கையின் கைக்குள் என் பயத்தைக் கொண்டுபோய் வைக்க முடிகிறது. இவ்வளவு காலம் வட்ஸ்அப்பில் அனுப்பிய புத்திமதியை அவள் கேட்டதே கிடையாது. இதைக் கேட்பாள்.

எங்களை வேவு பார்க்கிறார்கள், எங்கள் விவரங்களை விற்கிறார்கள் என்று படித்தவர்கள் தொலைக்காட்சியில் வந்திருந்து பேசும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். கையில் அந்த வசதி வந்ததும் எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை.

5

ஒரு வெள்ளிக்கிழமை, நான் வேலை முடித்து வீட்டுக்குள் வந்து சப்பாத்துக் கழற்ற முன் வசந்தி எடுத்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அக்கா, உன்னட்டை ஒண்டை மறைச்சுப்போட்டன். ஏசாதை."

"சொல்லு."

"தர்சிகாவுக்கு நியமனம் வந்தது. ரீச்சர் வேலை. எழுவைதீவிலை."

நான் சப்பாத்தோடு வாசலில் இருந்துவிட்டேன்.

"நீ அங்கை மாப்பிள்ளை பாத்து வைச்சிருக்கிறாய். இது எடுத்தால் சில வருசம் அசையேலாது. பெரியம்மா கோவிப்பா, பிறகு சொல்லுவம் எண்டு பிள்ளை சொன்னவள். ஒவ்வொரு நாளும் ஊர்காவற்றுறையிலை படகு ஏறிப் போய் வாறாள். திரும்பி வரும் வரை நான் வாசல்லையே நிப்பன். எங்கடை வீட்டிலை ஆர் படகு ஏறினது? படகிலை இருக்கிற அங்கி அவளுக்குப் பெரிசு. கழண்டு போடும் போலை கிடக்கு. அதுதான் அளவா ஒண்டு வாங்குவம் எண்டு போனிலை கேட்டுக்கொண்டு இருந்தனான்."

"இப்ப என்ன, ஏன் அழுகிறாய்?"

"அம்மாள் காட்டிப்போட்டா அக்கா."

எந்த அம்மாள், என்ன காட்டினா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"போனைத் திறந்தால் படகு கவிழுது. மூடிப்போட்டுத் திறந்தால் இன்னொண்டு கவிழுது. நான் கேக்கவே இல்லை, தன்ரைபாட்டிலை வருது. குழந்தையள், பொம்பிளையள், எல்லாம் தண்ணியிலை. முந்தி இப்பிடி ஒண்டும் வந்ததில்லை. நயினாதீவு அம்மாள்தான் போகவிடாதை எண்டு காட்டுறா. கோயிலுக்குப் போய் அவவிட்டையே கேப்பம் எண்டால் அதுக்கும் படகெல்லோ ஏறவேணும்!"

வேறு நேரமென்றால் நான் சிரித்திருப்பேன்.

"தர்சிகாட்டைச் சொல்லிப்போட்டன். திங்கக்கிழமை வேலையை விடுறன் எண்டு எழுதிக் குடுக்கவேணும், இல்லாட்டி நான் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன் எண்டு. அவள் கத்தினாள். பிறகு ஓமெண்டிட்டாள். நீ பாத்த பொடியனையே பேசு அக்கா. அங்கை வந்தால் கடல் இல்லைத்தானே."

என் சன்னலுக்கு நேரே கடல்தான் கிடந்தது. அதை நான் சொல்லவில்லை.

6

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. நான் கேட்காமலே, கெஞ்சாமலே, தர்சிகா வருகிறாள். சின்ன அறைக்கு என்ன நிறத் திரைச்சீலை போடலாம் என்பது வரை யோசித்துவிட்டேன்.

சனிக்கிழமை என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தேன். கடைக்குப் போய் வாங்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ வாங்கிக்கொண்டு வந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், திங்கட்கிழமை தானாக வந்துவிடும். யாருக்கும் ஒருபோதும் தெரியவராது. பழி அம்மாளின் மேல், அவ தாங்குவா.

ஆனால் தர்சிகா கத்தினாள், பிறகு ஓமென்றாள் என்று வசந்தி சொன்னது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளை கத்தி நான் கேட்டதில்லை. நான் போகிறபோதெல்லாம் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவுநிலையில் சாய்ந்து நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். அவள் கத்துகிற அளவுக்கு அந்த வேலையில் என்ன இருக்கிறது? ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கிற ஒரு வகுப்பு, உப்புக்காற்று, நீந்தத் தெரியாதவளுக்குத் தினமும் இரண்டு தரம் கடல்.

அங்கே இருக்கிற எல்லோரும் வெளியே வரத்தான் துடிக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டி வைத்திருக்கிறேன். நான் வந்தேன், ஆகவே அவர்களும் வருவார்கள். அங்கியைக் கண்டதும் அவள் ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அங்கேயே இருப்பதற்காகக் கடலில் ஏறியிருக்கிறாள்.

அனுயாவுக்கு எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அம்மா, இதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் தாறவை" என்றாள். "தங்கடை யோசனை எண்டே ஆக்கள் நினைக்கவேணும்."

"நான் என்ன செய்ய?"

"எனக்குத் தெரியாது" என்றாள் நோர்வே மொழியில். பிறகு தமிழில், "பாவம் சித்தி" என்றாள். தாயை விட்டுத் தூரப் போய்விட்டாள் என்று நான் குறைசொல்கிற பிள்ளை அவள். அன்றைக்கு எனக்கு இல்லாத இரக்கம் அவளுக்கு இருந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தேன். அங்கே மத்தியானம், வசந்தி முற்றத்தில் இருந்தாள். பின்னால் காகம் கத்திக் கேட்டது.

"வசந்தி, அது அம்மாள் இல்லை. நான்."

"என்ன நீ?"

"அந்தப் படகு வீடியோ. என்ரை கணக்கு உன்ரை போனிலை கிடக்கெல்லோ. நான் இஞ்சை தேட அங்கை உனக்கு வந்தது. வேணுமெண்டுதான் தேடினனான். தர்சிகா ஏஜென்சியிலை வெளிக்கிடுறாள் எண்டு நினைச்சன். உன்னைப் பயப்படுத்தி மறிக்கப் பாத்தன்."



"அவள் வெளிக்கிடுறாள் எண்டு நான் சொன்னனானோ?"

"இல்லை. அங்கி தேடினது எனக்கு வந்தது. குளிசை தேடினது வந்தது. விளம்பரமா வந்தது."

"நான் கேட்டதெல்லாம் உனக்கு வந்ததோ?"

"எல்லாம் இல்லையடி. கொஞ்சம்தான்."

"அக்கா, அவர் போனதுக்குப் பிறகு நான் அந்தப் போனோடைதான் கதைக்கிறனான்." அவளுடைய குரல் மெலிந்துவிட்டது. "பிள்ளை வெளியிலை போனால் வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்? உன்னட்டையும் கேக்கேலாததை, பிள்ளையிட்டையும் கேக்கேலாததை அதிட்டைக் கேட்டிருக்கிறன். அது ஒருத்தருக்கும் சொல்லாது எண்டு நினைச்சன்."

என்ன கேட்டாய் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. வெட்கமில்லாத நாக்கு. கடித்துக்கொண்டேன்.

"ஏசடி, ஏசிவிடு" என்றேன்.

அவள் ஏசவில்லை. "பிள்ளையோடை கதை" என்று சொல்லிப் போனைக் கைமாற்றினாள். அவளுடைய செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போவது கேட்டது.

தர்சிகா எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

"அம்மா வெள்ளிக்கிழமை தொடக்கம் சரியாச் சாப்பிடேல்லை, பெரியம்மா" என்றாள்.

"ஓம் பிள்ளை. பிழை என்னிலைதான்."

"நான் கடுதாசி எழுதி வைச்சிட்டன். இனிக் கிழிக்கலாம்." அவளுக்குக் கோபம்தான், ஆனால் குரலை உயர்த்தவில்லை. "உங்கடை கணக்கை இப்பவே இதிலையிருந்து எடுக்கப் போறன். அம்மாவுக்குப் புதுசா ஒண்டு திறந்து குடுக்கிறன். எனக்கு முந்தியே யோசனை வந்திருக்கவேணும்."

"எடு பிள்ளை."

"இனி எங்களைப்பற்றி உங்களுக்கு ஏதும் அறியவேணுமெண்டால் எங்களைக் கேளுங்கோ."

சரி என்று சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் அவள் வைக்காமல் நின்றாள், நானும் வைக்காமல் நின்றேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மாப்பிள்ளையின் படிப்பையும் வீட்டையும் குணத்தையும் நான் வசந்தியிடம் அளந்திருக்கிறேன், மாப்பிள்ளையின் தாயிடம் தர்சிகாவின் நிறத்தையும் பட்டத்தையும் அளந்திருக்கிறேன், இந்தப் பிள்ளையிடம் ஒரு தரமும் பேசியதில்லை.

"தர்சிகா, உனக்கு இஞ்சை வர விருப்பமோ?"

"இல்லை, பெரியம்மா."

யோசிக்கக்கூட இல்லை. எனக்கு வலித்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும், "உங்களைப் பாக்க ஒருக்கா வருவன்" என்று சேர்த்துச் சொன்னாள்.

அன்று பின்னேரமே மாப்பிள்ளையின் தாய்க்கு எடுத்து, குறை நினைக்கவேண்டாம், பெண்ணுக்கு இங்கே வர விருப்பமில்லை என்று சொன்னேன். அந்த மனுசியால் நம்ப முடியவில்லை. ஊரில் இருக்கிற பெண், வெளிநாட்டு மாப்பிள்ளை, விருப்பமில்லையா?

"உமக்கு ஆர் சொன்னது?" என்றார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டனான்" என்றேன்.